அப்படியே நில்லுங்க

மே 4, ஞாயிறு

கோவில்பட்டிக் கல்யாணம் முடிந்து மத்தியானமே தென்காசிக்குத் திரும்பிவிட்டோம். என் குரலைப் பற்றி நானே எழுதினால் பெருமை பேசுகிறாள் என்பார்கள். பெருமைதான், எழுதுகிறேன்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். கெட்டிமேளம் காதைக் கிழிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு மாமா செல்போனைத் தூக்கிக்கொண்டு நேராக என் லென்ஸுக்கு முன்னால் வந்து நின்றார். நான் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தேன், "அப்படியே நில்லுங்க!" மாமா நின்றார். மாப்பிள்ளை கை அந்தரத்தில் நின்றது. அட்சதையை எறிய ஓங்கிய கைகளெல்லாம் ஓங்கினபடியே நின்றன. ஐயர்கூட மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மாமாவைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, "ம், இப்ப கட்டுங்க" என்றேன். கட்டினார்.

வீடியோ எடுக்கிற தாவீது அண்ணன் என்னோடு ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறார். காரில் வரும்போது சொன்னார், "கலெக்டர் சொன்னாக்கூட இப்படி நிக்க மாட்டானுவ தங்கச்சி." உண்மைதான். கையில் கேமரா இருந்தால் மண்டபத்தில் எல்லாரும் நான் சொன்னபடிதான் கேட்பார்கள். பெரிய மனிதர்கள்கூட "கண்ணாடியக் கழட்டவாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்பார்கள்.

எல்லாக் கல்யாணத்திலும் தூண் மறைவில் ஒருத்தி நிற்பாள். இங்கும் நின்றாள், பெண்ணுக்குச் சித்தியாம், கணவர் இல்லை. குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டால் "நான் எதுக்கு" என்றாள். "நீங்க வந்தாத்தான் ஃப்ரேம் சரியாகும்" என்று அதட்டி நடுவில் நிறுத்தினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் எட்டாம் தேதி என் தம்பி கோமதிநாயகத்துக்குக் கல்யாணம். அதையும் நான்தான் எடுக்கிறேன். நான் கேட்கக்கூட இல்லை, அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

மே 7, புதன்

திருநெல்வேலியில் பட்டு எடுத்தோம். அம்மா, நான், பெரியப்பா மகள் செல்வி. கல்யாணப் பெண் உலகேஸ்வரிக்கு அரக்கு நிறத்தில் அமைந்துவிட்டது. பிறகு அம்மா ஒரு மாம்பழ நிறப் பட்டை எடுத்துச் செல்வியின் தோளில் போட்டுப் பார்த்தாள். எனக்கு இரண்டு பருத்திச் சுடிதார். "மேடையில குனிஞ்சு நிமிந்து எடுக்கணும்லா, ஒனக்கு இதுதாம்ட்டி வசதி" என்றாள். சரிதான். பட்டைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்துப் படம் எடுக்க முடியுமா?

செல்வி தன் செல்போனில் எங்கள் எல்லாரையும் எடுத்தாள். வழக்கம்போல ஒருத்தருக்கும் தலை இல்லை. சின்ன வயதிலிருந்து அவள் கை அப்படி, எடுத்தால் கழுத்தோடு நிறுத்திவிடுவாள். "நீ படம் எடுக்கியா, கெடா வெட்டுதியா?" என்று கேட்டேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நல்ல பெண்.

அந்த மாம்பழ நிறம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தாலிக் கயிற்றில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்காளோ தங்கையோ மணப்பெண்ணின் பின்னால் நின்று போடுவாள். தம்பி நாயகத்துக்கு நான் ஒரே அக்காள்.

மே 11, ஞாயிறு

ராஜபாளையம். பஞ்சாலை முதலாளி ஒருவர், தன் நாயோடு உட்கார்ந்து படம் எடுக்க வேண்டும் என்றார். வெள்ளை நாய், ரோஜா நிற மூக்கு, அவரைவிட அதற்குத்தான் முகவெட்டு. "அப்படியே நில்லுங்க" என்றேன். நாய் நின்றது. அவர்தான் அசைந்தார்.

மூன்று நல்ல படங்கள். இரண்டில் நாய்தான் முதலாளி.

மே 16, வெள்ளி

நாயகம் ஸ்டூடியோவுக்கு வந்தான். மின்வாரிய வேலை முடிந்து நேராக வந்திருந்தான், சட்டையெல்லாம் புழுதி. பின்திரைக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"யக்கா, நீ எடுத்தாத்தான் நல்லா இருக்கும். வேற ஆளப் போட்டா எனக்கு மனசு ஒப்பாது."

"வேற ஆளப் போடணும்னு யாரு சொன்னா?"

"இல்ல, சும்மா சொல்லுதேன்."

"அம்மா சொல்லச் சொன்னாளா?"

அவன் தரையில் கிடந்த வயரைப் பார்த்தான். முகம் எடுத்தே பிழைப்பவள் நான். பொய் சொல்கிறவர்கள் லென்ஸைப் பார்க்க மாட்டார்கள், இவன் என்னையே பார்க்கவில்லை. பாவம், சின்ன வயதில் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் பாண்டி ஆடினேன். கரண்டுக் கம்பத்தில் பயமில்லாமல் ஏறுவான், அம்மா முன்னால் நிற்க மட்டும் பயம்.

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். போகும்போது, "நீ எடுக்குத படத்துலயெல்லாம் நீ மட்டும் இல்லியேக்கா" என்றான். எடுக்கிறவள் படத்தில் எப்படி இருப்பாள்? மடையன்.

மே 20, செவ்வாய்

கல்யாணத்துக்கு முந்தின படங்கள் எடுக்கப் போனோம். குற்றாலத்தில் இன்னும் சாரல் இல்லை, அருவி காய்ந்து வெறும் பாறை. செங்கோட்டை தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். வெளிச்சம் இலை வழியாக வடிந்து வந்தது. இந்த வெளிச்சத்தில் யாரை நிறுத்தினாலும் அழகாகத்தான் தெரிவார்கள், உலகேஸ்வரிக்கோ அது தேவைப்படவே இல்லை.

சங்கரன்கோவில் பெண், தாலுகா ஆபீஸில் வேலை. பேச்சு வெட்டொன்று துண்டு இரண்டு. நாயகம் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் என்னிடம் கேட்டாள்:

"மைனி, முடிச்சு போடும்போது கேமராவ யாருகிட்ட குடுப்பீங்க?"

இதற்கு நான் ஏதோ பதில் சொன்னேன். லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தது.

நாற்பது படங்கள் தேறும். ஒன்றில் அவள் நேராக என்னைப் பார்க்கிறாள். அதைப் பெரிதாக அச்சடிக்கலாம்.

மே 23, வெள்ளி

நாகர்கோவில். ஒரே நாளில் இரண்டு கல்யாணம். கால் வலி. இரண்டிலும் நாத்தனார் முடிச்சு போடும் படம் நன்றாக வந்தது. ஒருத்தி கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

மே 27, செவ்வாய்

இன்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொட்டை எடுத்தேன்.

"முகூர்த்தத்த தாவீது அண்ணன் எடுத்தா போதாதாம்மா? ரெண்டு நிமிஷ வேலதான."

"அவரு வீடியோல்லா எடுப்பாரு."

"வேற ஆளு வரச் சொல்லுதேன்."

"செல்வி போட்டுக்கிடட்டும்ட்டி. நீ ஒன் வேலயப் பாரு."

"என் வேல என்னம்மா? நாந்தான அவனுக்கு அக்கா?"

அம்மா புளியை வைத்துவிட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "பொண்ணு வீட்ல யாரும் கேக்கல. நானேதான் செல்வின்னு சொல்லிட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலவலின்னாக்கூட, வாழாதவ போட்ட முடிச்சுன்னு ஒன்னத்தான் சொல்லுவாவ. அத நான் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமாட்டி?"

"யாரும் சொல்லலியேம்மா. நீதான் மொதல்ல சொல்லிருக்க."

எழுந்து வந்துவிட்டேன். என் கல்யாணம் முறிந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் குடிக்கிறவரும் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. கண்ட கண்ட ஊருக்குப் படம் எடுக்கப் போகக் கூடாது என்றார். போனேன். திரும்பி அந்த வீட்டுக்குப் போகவில்லை. இதில் வாழாமல் போனது எங்கே என்று எனக்குப் புரியவில்லை. தொழில் இருக்கிறது, கார் இருக்கிறது, மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் போகிறேன், போகிற இடத்தில் மரியாதை இருக்கிறது. பெற்ற தாய்க்கு மட்டும் நான் வாழாதவள்.

அழுதேன். எழுதியாயிற்று, இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

மே 28, புதன்

விளக்குகளைத் துடைத்தேன். பேட்டரிகளை எல்லாம் சார்ஜ் போட்டேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

தூத்துக்குடி. கடல் காற்றில் பெண்ணின் தலைப்பூ கலைந்துகொண்டே இருந்தது, அதையே படமாக்கிவிட்டேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

முகூர்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளையின் தங்கையை ஓரமாகக் கூப்பிட்டு, ஒரு துண்டுக் கயிற்றில் அந்த முடிச்சை மறுபடி மெதுவாகப் போடச் சொன்னேன். க்ளோசப் வேண்டும் என்றேன். மஞ்சள் தடவின கயிறு வழுக்குமாம், நாத்தனார் போடும் இரண்டாவது முடிச்சுக்கு ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டுமாம். மூன்று தடவை போட்டுக் காட்டினாள்.

"படம் வந்திச்சாக்கா?"

"இன்னொரு தடவ."

தாவீது அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும், "தங்கச்சி, கேமராவோட மூடியக் கழட்டவே இல்லியே" என்றார். வெயில் என்றேன். வெயிலுக்கும் மூடிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனிதர் கேட்கவில்லை.

ஜூன் 7, சனி

சங்கரன்கோவில் மண்டபத்தில் இருக்கிறோம். மேடை அலங்காரத்தில் பச்சை விளக்கு போட்டிருந்தார்கள், எல்லார் முகமும் பாகற்காய் நிறத்தில் இருந்தது. சண்டை போட்டுக் கழற்ற வைத்தேன்.

சாயங்காலம் செல்வி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாம்பழப் பட்டுக்கு ரவிக்கை தைத்து வந்துவிட்டதாம்.

"யக்கா, நான் ஒண்ணும் கேக்கல. சித்தி சொன்னா, சரின்னேன். ஒனக்கு வருத்தமா?"

"ஆமா" என்றேன். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

"எனக்கும் நல்லால்லக்கா. நீ இருக்கும்போது நான் எப்படிப் போட?"

பேச்சை மாற்றுவதற்காகக் கேமராவை அவள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். கனம் தாங்காமல் கையை இறக்கினாள். இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடு, முழங்கையை விலாவோடு ஒட்டு, இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும் என்றேன். ஒரு படம் எடுத்தாள். வாழைமரம், அதற்குக் கீழே தாவீது அண்ணன், கழுத்து வரை.

ஜூன் 8, ஞாயிறு, விடியற்காலை

சுடிதாரை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். என்னிடம் ஒரு கத்திரிப்பூ நிறப் பட்டு இருக்கிறது, என் சம்பாத்தியத்தில் வாங்கியது, அதைத்தான் கட்டியிருக்கிறேன். இன்று படுத்து எடுக்க வேண்டிய படம் எதுவும் இல்லை. அம்மா பார்த்தாள், தலையில் வைக்கப் பூ மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

கேமராவை ஆட்டோ மோடில் வைத்திருக்கிறேன். "நீ ஆட்டோல எடுத்து நான் பாத்ததே இல்லியே" என்றார் தாவீது அண்ணன். தானாக எடுக்கிற கேமராவுக்கு ஆள் எதற்கு என்று எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். இன்று கூட்டம் அதிகம், ஆட்டோ நல்லது என்று சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உலகேஸ்வரி அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் செல்வி மாம்பழ நிறத்தில் நின்றாள், கை பிசைந்துகொண்டே இருந்தாள். வலது ஓரத்தில் அம்மா, கை நிறைய அட்சதை. நான் எதிரே, கண்ணை வியூஃபைண்டரில் வைத்தபடி. நாயகம் தாலியை வாங்கும்போது லென்ஸைப் பார்த்தான். நேராக என்னைப் பார்த்தான். அந்தப் படம் கிடைத்துவிட்டது, கூர்மையாக இருக்கிறது.

கெட்டிமேளம் தொடங்கியது. அவன் கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டான். அதையும் எடுத்தேன். கயிற்றின் இரண்டு நுனிகளையும் பின்னால் நீட்டினான். செல்வியின் கை முன்னால் வந்தது.

"அப்படியே நில்லுங்க!"

நின்றார்கள். தம்பி நின்றான், நுனிகளை விடாமல். செல்வியின் கை நின்றது. ஓங்கிய கைகள் நின்றன. ஐயர் வாயைத் திறந்தபடி நின்றார். மேளக்காரருக்குக்கூட என்ன தோன்றியதோ, குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். யாரோ மறைக்கிறார்கள், நகர்த்தப் போகிறாள் என்று மண்டபமே நினைத்திருக்கும். நகர்த்தத்தான் போனேன்.

மேடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். கேமரா வாரைக் கழற்றிச் செல்வியின் கழுத்தில் மாட்டினேன். "முழங்கைய ஒட்டி வச்சுக்கோ" என்றேன். அவள் இரண்டடி பின்னால் போனாள். எனக்கென்னவோ அவள் இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. நாயகத்தின் கையிலிருந்து நுனிகளை வாங்கினேன். அவன் விரல் ஈரமாக இருந்தது.

திரும்பாமலே உலகேஸ்வரி சொன்னாள், "வந்துட்டீங்களா மைனி."

என் பங்குக்கு முதல் முடிச்சைப் போட்டேன். கயிறு வழுக்கத்தான் செய்தது. அடுத்ததற்கு ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி இறுக்கினேன். அதுவரை ஒருவரும் அசையவில்லை. நான் இன்னும் அசையச் சொல்லவில்லை அல்லவா? நிமிர்ந்தால் அம்மாவின் முகம். கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை, முகம் பார்த்தே பிழைக்கிறவளுக்குத் தெரியவில்லை. கை மட்டும் ஓங்கினபடி இருந்தது.

"ம், இப்ப போடுங்க" என்றேன்.

மேளம் வெடித்தது. எல்லாருக்கும் முன்னால் அம்மாவின் அட்சதைதான் வந்தது. பெண் மாப்பிள்ளை மேல் விழவில்லை. என் தலையில் விழுந்தது, பூவிலும் காதிலும் கழுத்திலும். கை தவறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என் இலைக்கு முன்னால் வந்து நின்று, "அப்பளம் வைக்கலியாடா இவளுக்கு" என்று பரிமாறுகிற பையனை ஏசினாள்.

பெண் வீட்டார் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு அத்தை மட்டும், "எல்லாரையும் நிக்க வச்சிட்டியேம்மா" என்றாள். "ஃப்ரேம் சரியில்லம்மா, அதான்" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கிறேன். தெளிவில்லாத படங்களை ஈவு இரக்கம் இல்லாமல் அழித்துவிடுவது என் வழக்கம். செல்வி பதினைந்து படங்கள் எடுத்திருக்கிறாள். பதினாலு படம் மேடைக் கூரை, ஐயரின் குடுமி, அவளுடைய சொந்தப் புடவை. ஒன்று மட்டும் தேறியது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நாயகத்துக்குக் காது வரைதான் இருக்கிறது, உலகேஸ்வரிக்குப் பின்னங்கழுத்து மட்டும், எனக்குத் தலையே இல்லை. நடுவில் மஞ்சள் கயிறும் இரண்டு கைகளும் அத்தனை துல்லியம். ஆட்டோவை இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

அம்மா ஸ்டூடியோவுக்கு வந்து அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். "முடிச்சு நல்லா இறுகிருக்காட்டி?" என்று மட்டும் கேட்டாள். நல்லா இறுகிருக்கும்மா என்றேன். வீட்டில் மாட்ட ஒரு பிரதி வேண்டும் என்றாள். எங்கள் வீட்டுச் சுவரில் நான் இருக்கப்போகும் முதல் படம்.

ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ராஜபாளையத்து நாய்ப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் பெரிதாக அச்சடித்து வைத்திருக்கிறேன். மத்தியானம் ஆவணி மாதக் கல்யாணத்துக்குத் தேதி கேட்டு வந்த ஒருவர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னம்மா, ஒருத்தருக்கும் தலையக் காணோம்? இத யாரு எடுத்தா?"

"எடுத்தது யாருன்னு கேக்காதீங்கண்ணே" என்றேன். "கை யாருதுன்னு கேளுங்க."